நார்த்ஃபீல்டு: ஒரு சுவிசேஷகரின் சொந்த ஊர்

அமெரிக்க தேசம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களும் கலிஃபோர்னியாவின் கணினி நிறுவனங்களுமே. மாட்டுத் தொழுவமும் சோளக்கொல்லையும் ஒரே ஒரு நீண்ட தெருவும் கொண்ட சிற்றூர்களும் அந்த தேசத்தில் ஏராளம் உண்டு என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வட எல்லையிலுள்ள நார்த்ஃபீல்டு அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்போர் 2,866 பேர். மும்பையிலோ பெங்களூரிலோ சில அடுக்குமாடிக் கட்டடங்களில் அத்தனை பேரையும் குடியமர்த்தி விடலாம்.

ஆயினும் சுவிசேஷகர் டி. எல். மூடியின் பெயரை அறிந்தவர்களும், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஒரு நாளாவது வரிசையில் நின்றவர்களும் இந்த ஊருக்குக் கடன்பட்டவர்கள். அவர் பிறந்ததும் அடக்கம் பண்ணப்பட்டதும் இங்கேதான். அந்த மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் பள்ளிப் பருவத்தில் படித்ததும் இங்கேதான்.

நார்த்ஃபீல்டு என்பதற்கு வடக்கு வயல் என்று பொருள். பெயர் பொருத்தமானதே. வடக்கே வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் என்னும் இரண்டு மாநிலங்களின் எல்லைகள் இவ்வூரைத் தொடுகின்றன. கனெக்டிகட் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஊரின் ஊடே ஓடி அதை இரு கூறாக்குகிறது. ஆற்றங்கரையில் வண்டல் படிந்த சமவெளி, அங்கேதான் பயிர்த்தொழில். அதற்கு மேலே மேடான சமநிலம். அதன்மேல் நீண்டு அகன்ற பிரதான தெருவும் அதன் இருமருங்கும் பழைய மரவீடுகளும் அமைந்துள்ளன. அதற்கும் அப்பால் கிழக்கே பைன், ஓக், மேப்பிள் மரங்கள் அடர்ந்த குன்றுகள். அக்டோபர் மாதத்தில் மேப்பிள் இலைகள் செந்நிறமாகிக் குன்றுகள் தீப்பற்றினாற்போல் தோன்றும். குளிர்காலம் கடியது. பனி உருகத் தொடங்கும் மார்ச் மாதத்தில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு, வடியும் நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். நம் நாட்டில் பதநீரைக் காய்ச்சுவது போன்ற வேலைதான். ஆனால் அங்கே மரம் ஏற வேண்டியதில்லை.

இந்த நிலம் முதலில் சோகோகி என்னும் பழங்குடியினருடையது. இவ்விடத்தை அவர்கள் ஸ்குவாகீக் என்று அழைத்தனர். ஆங்கிலேயக் குடியேறிகள் 1673-இல் இங்கே வீடு கட்டினர். இரண்டே ஆண்டுகளில், 1675-இல், பழங்குடியினருக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. ஊராரை மீட்டுக்கொண்டுபோக வந்த தளபதி ரிச்சர்டு பியர்ஸ் தம் வீரர்களில் பலரோடு வழியிலேயே மாண்டார். ஊர் கைவிடப்பட்டது. 1685-இல் மறுபடியும் குடியேறி, சில ஆண்டுகளில் மறுபடியும் கைவிட்டனர். 1714-இல் மூன்றாம் முறையாக வந்தவர்களே நிலைத்தனர். நிலத்தை இழந்தவர்களின் கதையை அவ்வூர் வரலாறுகள் சுருக்கமாகவே சொல்லுகின்றன. இது நம் ஊர் வரலாறுகளுக்கும் புதிதல்ல.

இனி மூடியின் குடும்பத்திற்கு வருவோம். எட்வின் மூடி ஒரு கொத்தனார். செங்கல்லும் கல்லும் அடுக்கும் வேலை. கையில் காசு நின்றதில்லை. அவருடைய மனைவி பெட்ஸி. 1837 பிப்ரவரி 5-ஆம் தேதி டுவைட் லைமன் பிறந்தார். பையனுக்கு நான்கு வயதாயிருக்கையில், 1841-இல், தகப்பன் திடீரென்று இறந்து போனார். வீட்டில் ஏழு பிள்ளைகள். தாய் நிறைகர்ப்பிணி, ஒரு மாதத்திற்குள் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. கடன் கொடுத்தவர்கள் வந்து எடுக்கக்கூடிய யாவற்றையும் எடுத்துச் சென்றார்கள். கொட்டகையிலிருந்த விறகையும் விட்டுவைக்கவில்லை. நியூ இங்கிலாந்துக் குளிரில் விறகில்லாத வீடு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூட நேரம் வரும்வரை படுக்கையை விட்டு எழும்ப வேண்டாம் என்று தாய் பிள்ளைகளுக்குச் சொல்லுவாளாம். கம்பளிக்குள்ளேயாவது சூடு இருக்கட்டும் என்பதற்காக. பிற்பாடு தாய்மாமன் ஒரு வண்டி விறகைக் கொண்டுவந்து இறக்கினார்.

பிள்ளைகளைப் பிறர் வீடுகளில் விட்டுவிடும்படி அக்கம்பக்கத்தார் ஆலோசனை சொன்னார்கள். தாய் இணங்கவில்லை. அக்காலத்தில் அவ்வூர்ச் சபையின் போதகராயிருந்த ஆலிவர் எவரெட் அக்குடும்பத்தைத் தாங்கினார். அவர் யூனிடேரியன் சபையைச் சேர்ந்தவர். திரித்துவத்தை ஏற்காத சபை அது. உபதேசத்தில் நாம் அவரோடு இசைய முடியாது. ஆனால் விதவையின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வந்தவர் அவரே என்பதையும் நாம் மறைக்கக் கூடாது.

அந்த வீட்டில் இன்னொரு துக்கமும் உண்டு. மூத்த மகன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டு ஓடிப்போனான். ஆண்டுகள் கடந்தன. கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டுவரும்படி தாய் பிள்ளைகளைத் தபால் நிலையத்திற்கு அனுப்புவாள். இல்லை என்ற பதிலே திரும்பி வரும். பண்டிகை நாளில் மேசையருகே ஒரு நாற்காலி காலியாகவே இருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் தாடி வளர்ந்த ஒரு மனிதன் வாசலில் வந்து நின்றான். கண்ணீரைக் கண்டுதான் தாய் தன் மகனை அறிந்துகொண்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லும்வரை வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்றான் அவன். மூடி பிற்காலத்தில் கெட்ட குமாரனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்டவர்கள் அழுததற்குக் காரணம் அவருடைய சொல்வன்மை மட்டுமல்ல. அந்த நாற்காலியை அவர் சிறுவனாய்ப் பார்த்து வளர்ந்தவர்.

1854-இல், பதினேழு வயதில், மூடியும் ஊரைவிட்டுப் புறப்பட்டார். நார்த்ஃபீல்டில் அவருக்கு எதிர்காலம் இல்லை. அக்காலத்தில் நியூ இங்கிலாந்தின் கல் நிறைந்த மலைநிலங்களைக் கைவிட்டு மக்கள் மேற்கு மாநிலங்களின் செழிப்பான மண்ணுக்கும் ஆலைகள் நிறைந்த நகரங்களுக்கும் சென்றுகொண்டிருந்தனர். மூடி சென்றது பாஸ்டனுக்கு. இன்னொரு தாய்மாமனின் காலணிக் கடையில் வேலை கிடைத்தது. ஆலயத்திற்கும் ஓய்வுநாள் பாடசாலைக்கும் ஒழுங்காய்ப் போக வேண்டும் என்பது மாமன் விதித்த நிபந்தனைகளில் ஒன்று. அந்த வகுப்பின் ஆசிரியர் எட்வர்டு கிம்பல் 1855 ஏப்ரல் 21-ஆம் தேதி கடைக்கே வந்து, பின்புறத்தில் காலணிகளைக் கட்டிக்கொண்டிருந்த வாலிபனின் தோளில் கைவைத்துக் கிறிஸ்துவின் அன்பைக் குறித்துப் பேசினார். அன்றே அவர் இரட்சிக்கப்பட்டார். மறு ஆண்டில் சிகாகோ சென்றார். அங்கே தெருப்பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை, பின்பு சபை, பின்பு 1871-இல் பெருந்தீயில் எல்லாம் சாம்பலானது, அதன்பின் நியூயார்க் தெருவில் நடந்துசெல்லும்போதே அவர்மேல் இறங்கிய ஆவியானவரின் வல்லமை ஆகிய யாவும் நம் வாசகர்கள் பல பிரசங்கங்களில் கேட்டவை. நாம் ஊரின் கதையைத் தொடர்வோம்.

1873 முதல் 1875 வரை மூடியும் பாடகர் சாங்கியும் பிரிட்டன் தேசத்தைக் கலக்கினார்கள். உலகப் புகழோடு திரும்பிய மனிதர் பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ மாளிகை வாங்கியிருக்கலாம். அவர் வந்தது தாய் இருந்த நார்த்ஃபீல்டுக்கு. அங்கே வீடு வாங்கிய விதம் வேடிக்கையானது. தாயின் கோழிகள் பக்கத்து நிலத்திற்குள் புகுந்து பயிரைக் கிளறின. அயலான் சலித்துக்கொண்டான். அந்தச் சச்சரவைத் தீர்க்க ஒரு துண்டு நிலம் கேட்கப் போனவர் வீட்டோடு சேர்த்து முழு நிலத்தையும் வாங்கி வந்தார் என்று அவர் மகன் எழுதியிருக்கிறார். கோழிகளின் நிமித்தம் ஓர் ஊழியத்தின் தலைமையிடம் அமைந்தது! அவ்வாண்டு அவர் சொந்த ஊரிலேயே கூட்டங்கள் நடத்தியபோது சுவிசேஷத்திற்கு இணங்கினவர்களில் அவருடைய தாயும் இருந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. சொந்த ஊரில் ஊழியம் செய்வது எத்தனை கடினம் என்று அறிந்த போதகர்கள் இதைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள்.

ஒருநாள் அவர் தம் தம்பி சாமுவேலோடு மலைப்பாதையில் வண்டியில் சென்றார். தனித்த ஒரு குடிசை வாசலில் தாயும் இரு பெண்பிள்ளைகளும் ஓலைத் தொப்பி பின்னிக்கொண்டிருந்தார்கள். குடும்பத் தலைவன் வாதநோயினால் படுக்கையில் கிடந்தான். ஆயினும் அவன் படித்த மனிதன். கியூபா முதலிய இடங்களிலிருந்து வந்த ஓலையை வியாபாரிகள் வீடுகளுக்குக் கொடுத்து, பின்னிய தொப்பிக்குச் சொற்பக் கூலி கொடுத்துவந்த காலம் அது. இந்தப் பெண்பிள்ளைகளுக்கு இந்த மலையைவிட்டு வெளியே ஒரு வழி உண்டா என்ற கேள்வி மூடியை விடவில்லை. பீடி சுற்றியும் பெட்டி முடைந்தும் பிள்ளைகளை வளர்த்த தாய்மாரின் மக்கள் நம் சபைகளில் அநேகர் உண்டு. அவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

இப்படியாக 1879-இல் நார்த்ஃபீல்டு செமினரி தொடங்கியது. செமினரி என்றதும் வேதாகமக் கல்லூரி என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் பெண்களின் உயர்நிலைப் பள்ளிக்கும் அச்சொல் வழங்கியது. முதல் மாணவியர் 25 பேர். முதல் வகுப்புகள் மூடியின் வீட்டிலேயே நடந்தன. ஆண்டுக்கு 100 டாலர் கட்டணம். உண்மைச் செலவில் அது பாதியளவே. மீதியை நன்கொடையாலும் சாங்கியின் பாட்டுப் புத்தக வருமானத்தாலும் ஈடுசெய்தார்கள். சமைப்பது, துவைப்பது, பெருக்குவது எல்லாம் மாணவியரே. பழங்குடிப் பெண்பிள்ளைகளும் ஆரம்ப ஆண்டுகளிலேயே சேர்க்கப்பட்டனர். 1881-இல் ஆற்றின் அக்கரையில், கில் என்னும் அடுத்த ஊரில், ஆண்பிள்ளைகளுக்காக மவுண்ட் ஹெர்மன் பள்ளி எழும்பியது. படிக்க வசதியற்ற, வயது கடந்த வாலிபர்களும் பல நாட்டு மாணவர்களும் அங்கே வயலில் வேலை செய்து படித்தார்கள். நகரத்தில் சேர்த்த செல்வாக்கை மூடி கிராமத்தில் கொண்டுவந்து செலவழித்த விதம் இது. ஊருக்கு ஆலயம் கட்டிக்கொடுத்துக் கல்வெட்டில் பெயர் பொறிப்பதோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். இது எனக்கு நெடுநாளாய் உள்ள ஆதங்கம்.

1880-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் ஒரு ஜெபக் கூடுகைக்கு அழைப்பு விடுத்தார். பரத்திலிருந்து வரும் பெலனுக்காகக் காத்திருப்பதே அதன் நோக்கம் என்று அந்த அழைப்பு கூறியது. அசூசா தெரு எழுப்புதலுக்கு அது 26 ஆண்டுகள் முந்தியது என்பதைக் கவனியுங்கள். அதன்பின் நார்த்ஃபீல்டில் கோடைக்கால மாநாடுகள் பல நடந்தன. ஹட்சன் டெய்லர், எஃப். பி. மேயர், ஆண்ட்ரூ மரே ஆகியோர் அந்தச் சிற்றூருக்கு வந்து பேசினர். 1894-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் கட்டப்பட்டது.

அதே 1894-இல் ஜூலை 8-ஆம் தேதி நடந்ததை ஆர். ஏ. டாரி எழுதி வைத்திருக்கிறார். கல்லூரி மாணவர் மாநாட்டின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. முந்திய இரவிலும் அன்று காலையிலும் டாரி பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தைக் குறித்துப் பேசினார். பகல் மூன்று மணிக்கு மூடியின் தாயார் வீட்டு முன்பாகக் கூடி மலைமேல் ஏறுவோம் என்று அறிவிக்கப்பட்டது. ஏறியவர்களை எண்ணினார்கள்: 456 பேர். பைன் மரங்களினூடே, தரையிலும் விழுந்து கிடந்த மரங்களின்மேலும் அமர்ந்தார்கள். மூடி அவர்களைப் பேசச் சொன்னார். மூன்று மணிவரை காத்திருக்க முடியவில்லை, காலை ஆராதனை முடிந்ததுமுதல் தனியே தேவனோடிருந்தேன், பெற்றுக்கொண்டேன் என்று ஒருவர்பின் ஒருவராய் ஏறக்குறைய 75 பேர் எழுந்து சொன்னார்கள். பின்பு மூடி எல்லாரையும் முழங்காற்படியிடச் சொன்னார். மேகம் திரண்டிருந்த வேளை. ஜெபம் தொடங்கியதும் மழைத்துளிகள் பைன் கிளைகளூடே அவர்கள்மேல் விழுந்தன.

அவர்கள் அந்நிய பாஷை பேசியதாக டாரி எழுதவில்லை. பின்னாளில் பெந்தெகொஸ்தே இயக்கம் எழும்பியபோது அவர் அதை எதிர்த்தும் எழுதினார். ஆகையால் நார்த்ஃபீல்டை நம் இயக்கத்தின் பிறப்பிடம் என்று சொந்தங்கொண்டாடுவது வரலாறாகாது. ஆனால் அபிஷேகம் தனித்த ஓர் அனுபவம், அதைக் கேட்டுக் காத்திருக்கலாம் என்ற எதிர்பார்ப்பைக் கல்லூரி வாலிபரிடையே வளர்த்த இடங்களில் இந்த மலை ஒன்று என்பதை மறுக்கவும் முடியாது. மாநாட்டு ஆசிரியர்களுக்குள்ளேயே அன்று இதைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. மூடிக்கோ இந்த வாதங்களில் பொறுமை இல்லை. மயிரைப் பிளக்கிறார்களே என்று அவர் வருத்தப்பட்டதை டாரியே பதிவு செய்திருக்கிறார்.

இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1886 கோடையில், அக்கரையிலுள்ள மவுண்ட் ஹெர்மனில் 251 மாணவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கூடியிருந்தனர். அவர்களில் ராபர்ட் வைல்டர் என்பவர் மிஷனெரிப் பெற்றோருக்கு நம் நாட்டின் கோலாப்பூரில் பிறந்தவர். கூட்டம் தொடங்கியபோது அந்நிய தேச ஊழியத்திற்கு ஆயத்தமாயிருந்தவர்கள் வெகு சிலரே. அவர்கள் கூடி ஜெபித்தார்கள். மற்றவர்களோடு ஒவ்வொருவராய்ப் பேசினார்கள். கூட்டம் முடிகையில் 100 பேர் தங்களை ஒப்புக்கொடுத்திருந்தார்கள். ஜான் ஆர். மாட் அவர்களில் ஒருவர். 1888-இல் இது மாணவர் தொண்டர் இயக்கமாக உருவெடுத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்டோர் அதன் வழியாய் மிஷனெரிகளாகச் சென்றனர். தமிழ் கற்று நம் வாலிபரிடையே உழைத்த ஷெர்வுட் எடியும் அவ்வியக்கத்தின் கனியே.

ஐடா ஸ்கடரின் கதை நேர்மாறானது. 1870-இல் இராணிப்பேட்டையில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்த அவர் மிஷனெரியாக விரும்பவில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி பங்கிட்ட நினைவு அந்தச் சிறுமிக்குப் போதுமானதாயிருந்தது. நார்த்ஃபீல்டில் படிக்கும்போது அமெரிக்காவிலேயே சுகமாய் வாழலாம் என்பதே அவர் எண்ணம். சுற்றிலும் ஒப்புக்கொடுத்தலைக் குறித்த பேச்சு நிறைந்திருந்த அந்த ஊரில், அவர் ஒப்புக்கொடுக்காமலே இருந்தார். 1890-இல் தாயின் சுகவீனத்தினிமித்தம் திண்டிவனம் வந்தார். சில காலம் தங்கித் திரும்பிவிடுவதே திட்டம். ஓர் இரவில் ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், மற்றுமோர் இந்து என மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராய் வந்து, பிரசவ வேதனையிலிருக்கும் தங்கள் மனைவிக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். மருத்துவரான தகப்பனை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை திறக்கப்பட்டது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மலைமேலும் மாநாட்டிலும் ஊன்றப்பட்ட விதை திண்டிவனத்தில் முளைத்ததா, அல்லது அந்த இரவே எல்லாவற்றையும் செய்ததா என்பதைக் கர்த்தர் ஒருவரே அறிவார்.

மூடி 1899 நவம்பரில் கான்சாஸ் சிட்டி கூட்டங்களின் நடுவில் நோயுற்று ஊர் திரும்பினார். டிசம்பர் 22-ஆம் தேதி நார்த்ஃபீல்டிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கோடைக்கால மாலைகளில் மாணவர்களைக் கூட்டிப் பேசின வட்டக்குன்று என்னும் சிறு மேட்டிலேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவர் பிறந்த வீடும் அதனருகிலேயே உள்ளது.

அதற்குப் பின் ஊர் மெல்ல அமைதியடைந்தது. அமெரிக்காவின் முதல் இளைஞர் விடுதி 1934-இல் இங்கே தொடங்கியது. 1972-இல் அருகிலுள்ள மலைக்குள் குடைந்து நீர்மின் நிலையம் கட்டினார்கள்; மின்தேவை குறைந்த வேளையில் ஆற்றுநீரை மலையுச்சியிலுள்ள நீர்த்தேக்கத்திற்கு ஏற்றி, தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் முறை. ஊர் நிர்வாகம் மட்டும் பழைய முறையே. வாக்குரிமையுள்ள எவரும் ஊர்க்கூட்டத்திற்கு வந்து வரவுசெலவுத் திட்டத்தின்மேல் கையுயர்த்தி வாக்களிக்கலாம்.

பள்ளிகளின் கதையோ வேறு திசையில் சென்றது. 1971-இல் இரண்டும் ஒன்றாயின. இரண்டு வளாகங்களைப் பராமரிப்பது இயலாமற்போகவே, 2005-இல் நார்த்ஃபீல்டு வளாகம் மூடப்பட்டு எல்லாம் மவுண்ட் ஹெர்மனுக்கு மாற்றப்பட்டது. பள்ளி இன்றும் நடக்கிறது, உதவித்தொகையும் வழங்குகிறது. ஆனால் அங்கேயே தங்கிப் படிப்பதற்கான ஆண்டுக் கட்டணம் 70,000 டாலரைத் தாண்டி விட்டது. தொப்பி பின்னிய பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கியதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. சமையலறை, தோட்டம், அலுவலகம் என்று அந்த வளாகத்தை நம்பியிருந்த சிற்றூருக்கும் அது பெரிய அடி. கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன.

2009-இல் ஹாபி லாபி நிறுவனத்தின் கிரீன் குடும்பத்தார் அந்த வளாகத்தை 1,00,000 டாலருக்கு வாங்கி, ஒரு கிறிஸ்தவ நிறுவனத்திற்கு இலவசமாய்க் கொடுக்க முன்வந்தார்கள். இலவசமாய்க் கொடுத்தும் பெறுவாரில்லை! பழைய கட்டடங்களைச் செப்பனிடும் செலவு அத்தகையது. சி. எஸ். லூயிஸ் பெயரால் கல்லூரி அமைக்க முயன்றவர்களுக்குப் போதிய பணம் சேரவில்லை. 2012-இல் ஏற்றுக்கொண்ட ஒரு பல்கலைக்கழகம் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. முடிவில் 2017-இல் வளாகத்தின் பெரும்பகுதிக் கட்டடங்கள் கலிஃபோர்னியாவின் தாமஸ் அக்வினாஸ் கல்லூரிக்கு வழங்கப்பட்டன. அது கத்தோலிக்கக் கல்லூரி. 2019-இல் வகுப்புகள் தொடங்கின. பிறந்த வீடு, வட்டக்குன்று, பெரிய அரங்கம் ஆகியவை மூடி மையம் என்னும் அமைப்பிடம் சேர்ந்தன.

சுவிசேஷகரின் வளாகத்தில் கத்தோலிக்கத் திருப்பலியா என்று நம்மில் சிலர் கலங்கலாம். என் மனதிலும் அது நெருடவே செய்தது. ஆனால் நார்த்ஃபீல்டில் கத்தோலிக்கர் ஆலயம் கட்டியபோது மூடி தாமே நன்கொடை கொடுத்தவர். ஊரார் சிலர் அதற்காக அவரைக் குறைசொன்னதுமுண்டு. வேதத்தையும் பழைய நூல்களையும் கருத்தாய்ப் படிக்கும் வாலிபர் அங்கே மீண்டும் நடமாடுகிறார்கள். பூட்டிய கதவுகளைவிட அது நல்லது என்றே நான் எண்ணுகிறேன். நம் மூப்பர்கள் எல்லாரும் இதில் என்னோடு இசைவார்கள் என்று சொல்ல மாட்டேன்.

அங்கே செல்ல விரும்புவோர் பாஸ்டனிலிருந்து 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சென்று, எர்விங்கைக் கடந்து 63-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். இரயில் அந்த ஊரில் நிற்பதில்லை. வட்டக்குன்றின்மேல் இரண்டு கல்லறைகள். ஒன்று மூடியுடையது, மற்றொன்று 1903-இல் மரித்த அவர் மனைவி எம்மாளுடையது. அவருடைய கல்லில் 1 யோவான் 2:17 பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அக்கரை வயல்களும் அவற்றிற்கப்பால் வெர்மான்ட் மலைகளும் தெரியும். குளிர்காலத்தில் செல்பவர்கள் கனத்த காலணி அணிந்துகொள்வது நல்லது. மேட்டில் பனி கிடக்கும்.